இத்தாலியன் மொழியில் ஒரு 'போட்டு வாறன்'

1

ஆரணி, நிரூஷன்,

இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். தமிழில்தான் எழுத முடியும். என் இங்கிலீசு கடைக் கவுண்டரைத் தாண்டி அதிக தூரம் போகாது. இத்தாலியன் பேச வரும், எழுத வராது. ஆகையால் நீங்கள் எழுத்துக் கூட்டியாவது வாசியுங்கள். சனிக்கிழமை தோறும் உங்களைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இந்த ஒரு பலனாவது கிடைக்கட்டும். விளங்காத சொல்லை அம்மாவிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டால் நான் இன்னொரு கதை தொடங்கிவிடுவேன் என்று நிரூஷன் சொல்வான். அது உண்மைதான்.

ஆரணி, போன ஞாயிறு லீட்சில் பல்கலைக்கழக விடுதியில் உன் பெட்டிகளை எல்லாம் மாடியில் ஏற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். நீ, "ஓகே அப்பா, போறன்" என்றாய். நான் வழக்கம்போல, "போறன் எண்டு சொல்லாதை பிள்ளை, போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றேன்.

"அப்பா, நான் இஞ்சைதானே நிக்கிறன். போறது நீங்கள்" என்றாய் நீ.

தம்பி சிரித்தான். அம்மாவும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். நியாயமான பேச்சு. போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டியவன் நான்தான். சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. கையைக் காட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன். லண்டனில் எங்கள் நோர்பரி வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அது வெறும் சொல்தானே என்று நீ முன்பும் பல தரம் சொல்லியிருக்கிறாய். ஓம், வெறும் சொல்தான். ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஒரு பெரிய மனிதர் தன் விமானத்தை விட்டுவிட்டார். பாதிக் கதை உங்களுக்குத் தெரியும். போன வருடம் எங்கள் சலவைக் கடைக்குள் இரண்டு கிழவர்கள் படுக்கை விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வாக்குவாதப்பட்டது நினைவிருக்கும். மற்றப் பாதி இது.

2

நாங்கள் லண்டனுக்கு வருவதற்கு முன் இத்தாலியில் எட்டு வருடம் இருந்தோம். பலெர்மோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் எனக்கு அடுப்படி வேலை. அங்கே இருப்பதற்கு 'சொஜோர்னோ' என்று ஓர் அனுமதி அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்க பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நிற்பதே இன்னொரு வேலை. குசினியில் எல்லோரும் என்னைத் 'தோர்னோ, தோர்னோ' என்று கூப்பிடுவார்கள். சொஜோர்னோவுக்கு அலைகிறவன் என்பதால் அந்தப் பட்டப்பெயர் என்று நான் விளங்கிக்கொண்டேன். எட்டு வருடமும் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தாலியனில் 'கால்தோ' என்றால் சூடு. இங்கே லோண்டரி தொடங்கிய புதிதில் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் கம்பளிச் சட்டையைத் தந்து, 'கோல்ட், கோல்ட்' என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். நான் நல்ல கொதிநீரில் போட்டு எடுத்தேன். அது சுருங்கி அன்றைக்கு நிரூஷனுக்கு அளவாக இருந்தது. அந்த அம்மா நல்லவர், சட்டையை அவனுக்கே தந்துவிட்டார். நிரூஷன், நீ நேர்சரிக்குப் போட்டுப் போன நீலச் சட்டை அதுதான்.

போன வருடம் மாரிக் குளிர் முடிகிற நேரம் ஒரு வயதானவர் கடைக்குள் வந்தார். கையில் ஒரு கனத்த கறுப்பு ஓவர்கோட். கோட்டுக் கைகளின் ஓரம் தேய்ந்திருந்தது, உள்துணி பல இடத்தில் கிழிந்திருந்தது. ஆனால் துணி நல்ல துணி. கழுத்துப் பட்டியில் இத்தாலியத் தையற்காரரின் பெயர்த் துண்டு தைத்திருந்தது. அவர் இங்கிலீசில் சொல் தேடித் திணறிக்கொண்டு நின்றார். நான் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, நல்ல கோட் என்று இத்தாலியனில் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து நின்று ஏதோ சொன்னார். அவர் பேசியதும் இத்தாலியன்தான், ஆனால் நான் கேட்ட இத்தாலியன் இல்லை. தமிழில் சொல்வதென்றால் இப்படி இருந்தது: "ஐயன்மீர், இம்மொழியை நீவிர் உரைப்பீரோ?"

நான், "ஓம் ஐயா, கதைப்பன். மீன்கடைக் கதைதான்" என்றேன்.

அவர் பெயர் எமில். ருமேனியாக்காரர். புக்காரெஸ்ட் நகரத்தில் மொழி ஆராய்ச்சிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. அவளிடம் விசிட்டர் விசாவில் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் இத்தாலியன் படித்தவர், படிப்பித்தவர். ஆனால் பழைய கவிதைகளிலும் இலக்கணப் புத்தகங்களிலும் இருந்த இத்தாலியன் அது. அவருடைய நாட்டில் கம்யூனிச ஆட்சி இருந்த காலம் முழுக்க, உயிரோடு இருக்கிற ஓர் இத்தாலியரோடு அவர் பேசியது ஒரே ஒரு வாரம்தான்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவர் கடைக்கு வரத் தொடங்கினார். கழுவ ஒன்றும் கொண்டு வரமாட்டார். இஸ்திரி மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். தேத்தண்ணி குடிப்பார். பஸ் தரிப்பிடம், ஸிப், ஹாங்கர் என்று அவருடைய கவிஞர்கள் யாரும் பாடாத சாமான்களின் பெயரெல்லாம் என்னிடம் கேட்டு வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்.

அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "அந்த மனுசன்ரை ஒரு கோட்டுக்கு எத்தினை தரமப்பா வரும்?" என்று கேட்டார். பிறகு அவரே கதிரைக்கு மெத்தைத் துண்டு தைத்துப் போட்டார்.

3

அவர் ஏன் பேசிப் பழகினார் என்பதைச் சொல்ல வேண்டும். இன்னும் சில வாரத்தில் லண்டனில் ஓர் உரை நிகழ்த்த இத்தாலியிலிருந்து ஒரு பேராசிரியர் வர இருந்தார். பெயர் ஜூலியோ. எமில் அந்த ஒரு வாரம் பேசிய ஆள் அவர்தான். அந்தக் கோட்டும் அவருடையதுதான்.

இளம் வயதில் புக்காரெஸ்டில் நடந்த ஒரு மாநாட்டுக்கு ஜூலியோ வந்திருக்கிறார். அங்கே அந்த நாளில் வெளிநாட்டவரோடு என்ன பேசினாலும் பிறகு அதை அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அறைக்குள் பேசினால் சுவர் கேட்கும் என்ற பயம். ஆகவே இரண்டு பேரும் பனியில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்து பேசியிருக்கிறார்கள். எமில் தன் கஷ்டத்தைச் சொன்னார். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று கையில் எடுக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும். நண்பர் எழுதிய புத்தகம் என்றால் அனுமதி வராது. எதிரியின் புத்தகம், அதை மறுத்து எழுதப் போகிறேன் என்றால் உடனே வரும்.

அதற்கு ஜூலியோ, "அப்போ நாங்கள் எதிரிகளாக இருப்போம்" என்றாராம்.

எதைப் பற்றிச் சண்டை பிடிப்பது என்றும் அங்கேயே முடிவு செய்தார்கள். யாருக்கும் தீங்கு வராத ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லை எமில் எனக்கு விளங்கப்படுத்தியது நான் ஹொட்டேல் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது. இப்போது என்ன செய்கிறாய், இத்தாலியனில் சொல் என்றார். 'பியேகோ', மடிக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். அதே சொல் ருமேனிய மொழியில் 'பிளெக்'. ஆனால் அங்கே அதற்கு மடிப்பது என்று பொருள் இல்லை. 'நான் போகிறேன்' என்று பொருள். இரண்டுக்கும் லத்தீனில் தாய் ஒன்றுதான்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வீட்டோடு இருந்து துணி மடிக்கிறது, மற்றது வெளிநாடு போய்விட்டது. நான் இப்படிச் சொன்னதும் எமில் கையைத் தட்டினார்.

மடிப்பது எப்படிப் போவது ஆயிற்று? இதுதான் சண்டை. பழைய காலத்துப் படைவீரர்கள் கூடாரத்தை மடித்தால் புறப்படுகிறார்கள் என்று அர்த்தம், அதிலிருந்து வந்தது என்பது எமிலின் கட்சி. இல்லை, மடிவது என்றால் வளைவது, நேர்பாதையை விட்டு வளைந்து விலகுகிறவன் போகிறான், அதிலிருந்து வந்தது என்பது ஜூலியோவின் கட்சி. இவர் ஒரு கட்டுரை எழுதுவார். அவர் அதைக் கிழி கிழி என்று கிழித்து இத்தாலியில் ஒரு கட்டுரை எழுதுவார். அதற்குப் பதில் எழுத எமிலுக்கு அனுமதியோடு ஜூலியோவிடமிருந்து புத்தகங்கள் வரும். எதிரியை வெல்ல இன்னும் நாலு புத்தகம் தேவை என்று எமில் கேட்பார், அதுவும் வரும். அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் தன் மாணவர்களுக்கு இத்தாலியன் படிப்பித்தாராம். இப்படிப் பல வருடம். எதிரியின் சுகத்தை விசாரிக்க வழி இல்லை. ஆனால் கட்டுரை வந்தால் ஆள் சுகமாக இருக்கிறார் என்று தெரியும்.

மாநாடு முடிந்த கடைசி நாள் பூங்காவில் எமில் நடுங்கியதைப் பார்த்து ஜூலியோ தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். எமில் வேண்டாம் என்றதற்கு, "இது கடன்தான். வரும்போது கொண்டு வா" என்றாராம். அந்த ஆட்சி இருந்தவரை எமிலுக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவே இல்லை.

பிறகு ஒரு வருடம் எமிலின் கட்டுரை அச்சாகி வந்தபோது கடைசியில் அவர் எழுதாத ஒரு பந்தி, நாலைந்து வரி, இருந்தது. ஜூலியோவைக் கூலிக்கு எழுதுகிறவன் என்றும் பொய்யன் என்றும் திட்டுகிற பந்தி. மேலதிகாரி சேர்த்தது. கீழே எமிலின் பெயர். அதற்குப் பிறகு இத்தாலியிலிருந்து கட்டுரையும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை.

ஆட்சி கவிழ்ந்து கதவெல்லாம் திறந்த பிறகு ஏன் அவரைத் தேடிப் போகவில்லை என்று நான் கேட்டேன். எமில் தன் பழைய மொழியில் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது: "முதல் ஆண்டில் சொல் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டில் அது இன்னும் கடினமாயிற்று."

இப்போது லண்டனில் இருக்கும் அவருடைய பழைய மாணவர் ஒருவர் இடையில் நின்று, ஒரு சனிக்கிழமை பகல் ஜூலியோ தங்கும் ஹொட்டேலில் சந்திப்பதென்று ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு மணிக்கு ஜூலியோ விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். எமிலுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பந்தி எமில் எழுதியது என்று ஜூலியோ நம்பினாரா?

4

கோட்டுக்குப் புது உள்துணி போட லண்டனின் மற்றக் கோடியில் அப்டன் பார்க்கில் எனக்குத் தெரிந்த தையற்காரரிடம் கொடுத்திருந்தேன். அவர் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சனிக்கிழமை காலை தந்தார். ஆகவே எமில் நோர்பரியிலிருந்து ரயிலில் வருவது, நான் கோட்டை நேரே ஹொட்டேலுக்குக் கொண்டு போவது என்று முடிவு. உங்கள் இருவரையும் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போனேன்.

நான் போனபோது எமில் வந்திருக்கவில்லை. வரவேற்பறையில் மெலிந்த, நரைத்த ஒருவர் பெட்டியும் கைத்தடியுமாக இருந்தார். என் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய கோட்டைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"அது என் கோட்."

"ஓம் ஐயா, உங்கடைதான்."

"அவர் எங்கே?"

வருவார் என்றேன். இருவரும் இருந்தோம். நான் பலெர்மோவைப் பற்றிச் சொன்னேன். அவர் மரியாதைக்குக் கேட்டார். கண் வாசலில் இருந்தது. எமிலிடம் மொபைல் போன் இல்லை. அவர் மகளுக்குப் போன் அடித்தேன், அவள் ஷிப்டில் இருந்தாள், எடுக்கவில்லை. ரயில் வழியில் நின்று, எமில் அதற்குள் அகப்பட்டிருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது.

இரண்டு மணியாகி டாக்சிக்காரரும் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜூலியோ உறையின் மேலாகக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கழுவி, புது உள்துணி போட்டு, பொத்தானெல்லாம் இறுக்கித் தைத்த கோட்.

"கோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆள் வரவில்லை. எனக்கு விளங்குகிறது" என்றார்.

அப்படி இல்லை ஐயா என்று சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகளே, எனக்கு மீனுக்கும் விறகு அடுப்புக்கும் உரிய இத்தாலியன்தான் தெரியும். ஒரு மனிதர் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக வந்து, இவரோடு பேசுவதற்காக ஹாங்கருக்கு என்ன சொல் என்று கேட்டுப் பாடமாக்கினார் என்று சொல்ல என்னிடம் வசனம் இல்லை. வருவார், வருவார் என்று ஒரே சொல்லையே திருப்பிச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து ரீச்சர் போன் அடித்தார். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பூட்ட முடியாமல் நிற்கிறேன் என்றார்.

நான் எழுந்தேன். கோட்டை அவர் மடியில் வைத்தேன். பெரிய மனிதர், மனம் நொந்திருக்கிறார், அவரிடமிருந்து 'போறன்' என்று சொல்லிவிட்டா போவது? கையைக் கூப்பி, இத்தாலியில் எட்டு வருடமும் எல்லோரிடமும் சொல்லி விடைபெற்ற மாதிரியே சொன்னேன்.

"வாதோ எ தோர்னோ."

போகிறேன், திரும்பி வருகிறேன். சொல்லுக்குச் சொல் எங்கள் போட்டு வாறன்தான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உண்மையாகவா?"

இதில் என்ன உண்மை, பொய் என்று எனக்கு விளங்கவில்லை. பலமாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் கதிரையிலேயே இருந்தது தெரிந்தது. சப்பாத்துக் கயிறு கட்டுகிறார் என்று நினைத்தேன்.

5

அன்று கடைக்கு வந்த பிறகு நான் உங்களோடு சரியாகப் பேசவில்லை. ஆரணி, உனக்கு நினைவிருக்கலாம், ஒரு சேர்ட்டைக் கருக்கினேன். ஒரு கோட்டைக் கொடுத்து இரண்டு பேருடைய உறவை முடித்துவைத்துவிட்டேன் என்று இருந்தது. அம்மா, "உங்களுக்கேனப்பா தேவையில்லாத வேலை" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பின்னேரம் கதவு மணி அடித்தது. மழையில் நனைந்துகொண்டு இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். கோட் எமிலின் தோளில் கிடந்தது. ஜூலியோ குடையை மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீர் திரும்பி வரவில்லை. ஆகவே நாங்கள் வந்துவிட்டோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். இத்தாலியனில் ஒருவர் வாதோ எ தோர்னோ என்றால், இந்தா ஒரு நிமிசத்தில் வந்துவிடுகிறேன், இங்கேயே இரும் என்று அர்த்தம். சிகரெட் வாங்கப் போகிறவன் சொல்வது. நான் எமிலைக் கூட்டிவரத்தான் ஓடுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். டாக்சியைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, விமானம் புறப்படுகிற நேரம் தாண்டியும் அசையாமல் இருந்திருக்கிறார். அப்படி இருக்கும்போதுதான் ரயிலிலிருந்து தப்பிய எமில் மூச்சு வாங்க ஓடி வந்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்குப் பலெர்மோ விளங்கியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது நான் குசினிக்காரர் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். முதல் கிழமை முதலாளி கடையைப் பூட்டாமல் எனக்காகக் காத்திருந்தாராம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். வேலைக்காரனில் அவ்வளவு அன்பு என்று நான் நினைத்தேன். தோர்னோ என்ற பெயரும் அதனால் வந்ததுதான், சொஜோர்னோவால் இல்லை.

எங்களுடைய வழக்கத்தைச் சொன்னேன். வீட்டை விட்டு வெளியே போகிறவன் போறன் என்று சொல்லக் கூடாது, போட்டு வாறன் என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு பேராசிரியர்களும் விளையாட்டுச் சாமான் கண்ட பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். திரும்பச் சொல்லு, மெதுவாகச் சொல்லு என்று என்னை விடவில்லை.

ஜூலியோ கேட்டார், "திரும்பி வரப் போவதில்லை என்று தெரிந்தவர் என்ன சொல்வார்?"

"அவரும் அதைத்தான் சொல்லுவார்" என்றேன். நான் ஊரிலிருந்து வெளிக்கிட்டபோது உங்கள் அப்பம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அதை அவர்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஹொட்டேலில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எமில் சொன்னார். கோட்டைப் பற்றியோ சுகத்தைப் பற்றியோ பேசவில்லையாம். எமில் மூச்சு வாங்கியபடியே, பழகி வைத்த வசனம் ஒன்றும் வாயில் வராமல், அந்தப் பந்தி, அந்தப் பந்தி என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பந்தியில் மூன்று ஆச்சரியக்குறி இருந்தது" என்றாராம் ஜூலியோ. "உனக்கு ஒரு ஆச்சரியக்குறி போடவே கை நடுங்கும். நீ எழுதவில்லை என்று முதல் வரியிலேயே தெரிந்தது."

பிறகு ஏன் புத்தகம் நின்றது என்று எமில் கேட்டிருக்கிறார். உன் பெயரில் இன்னொருவர் எழுதத் தொடங்கினால் உன்னை நெருக்குகிறார்கள் என்று அர்த்தம், நான் அனுப்புகிற ஒவ்வொரு புத்தகமும் உன் கழுத்துக்குக் கயிறு, அதனால் நிறுத்தினேன் என்றாராம் அவர். ஜூலியோவுக்குத் தன்மேல் கோபம் என்று எமில் நினைக்க, எழுதினால் எமிலுக்கு ஆபத்து என்று ஜூலியோ நினைக்க, இரண்டு பேரும் அத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கடைக்குள் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அம்மா றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். ஜூலியோ ஐந்தோ ஆறோ சாப்பிட்டார்.

இனித்தான் நீங்கள் கண்ட பகுதி. எமில் மேசையில் இருந்த ஹொட்டேல் விரிப்பை எடுத்து உதறி ஒரு முனையை ஜூலியோவிடம் கொடுத்தார். இதுதான் கூடாரம், இதோ மடிக்கிறோம், மடித்தால் போகிறோம், இப்போதாவது ஒத்துக்கொள் என்றார். ஜூலியோ ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அம்மா என் காதுக்குள், "இந்தக் கிழவன்மார் ஏன் ஆக்களின்ரை பெட்சீட்டை விரிக்கினம்? நான் இப்பதானே அயன் பண்ணினனான்" என்றார். நிரூஷன், நீ, "அப்பா, ஆர் தே ஃபைட்டிங்?" என்று கேட்டாய். ஓம், பூங்காவில் பேசி வைத்த சண்டை என்று நான் சொன்னது உனக்கு விளங்கவில்லை.

விரிப்பை இரண்டு பேர் மடிக்கும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை தரம் செய்திருக்கிறீர்கள். முனையும் முனையும் சேர வேண்டும் என்றால் ஆளும் ஆளும் கிட்ட வர வேண்டும். ஒரு மடிப்புக்கு ஓர் அடி. மூன்றாம் மடிப்பில் இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நின்றார்கள்.

ஜூலியோ சொன்னார்: "பார், மடித்தால் போவதில்லை. மடித்தால் வந்து சேருவது. இதே லத்தீன் சொல் ஸ்பெயின்காரரிடம் போய் 'வந்து சேருகிறேன்' என்றுதான் ஆனது. உனக்கு அது தெரியும், உன் கட்டுரைகள் ஒன்றிலும் அதை நீ எழுதவில்லை."

"அதை நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன்" என்றார் எமில்.

போகும்போது எமில் கோட்டைக் கழற்றி முறைப்படி இரண்டு கையாலும் நீட்டினார். ஜூலியோ வாங்கவில்லை. வரும்போது கொண்டு வா என்றது என் வீட்டுக்கு வரும்போது, இது என் வீடா என்று கடையைச் சுற்றிக் காட்டினார். எமில் மறுபடி அதைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று இரண்டு பேரும் ஒன்றாக, "போத்து வாரன்" என்றார்கள். ஆரணி, நீ திருத்தினாய். றானா றானா என்று நீ அவர்களுக்கு வாயைக் காட்டிச் சொல்லிக்கொடுத்ததை நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அன்றைக்கு அது உனக்கு வெறும் சொல்லாக இருக்கவில்லை.

விசா முடிந்து போகும்போது எமில் நேரே ஊருக்குப் போகவில்லை, இத்தாலிக்குப் போனார். நல்ல வெயில் காலம். கறுப்பு ஓவர்கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தார். றானா பிசகாமல் சொல்லிவிட்டுப் போனார். வருகிற வருடம் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால் விசா வரிசை இல்லை, அப்பா வருவார் என்று அவர் மகள் போன கிழமையும் கடைக்கு வந்து சொன்னாள். மெத்தைத் துண்டு இன்னும் அந்தக் கதிரையில்தான் இருக்கிறது.

6

இவ்வளவுதான் கதை. உங்களைப் பிடித்து வைப்பதற்காக இதை எழுதவில்லை. ஆரணி, நீ படி, உனக்குப் பிடித்த இடத்தில் இரு. லீட்ஸ் நல்ல ஊராகத் தெரிகிறது. அந்த மாடிப்படிதான் கொஞ்சம் மோசம். ஆனால் வாசலில் நிற்கும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுங்கள். யாராவது அதை நம்பிக்கொண்டு கதிரையில் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பிள்ளை, போட்டு வாறன்.

இதுவரை எழுதி முடித்தபோது வீட்டில் யாரும் இல்லை. அம்மா கடையில், நிரூஷன் பள்ளிக்கூடத்தில். உன் அறைக்குப் போனேன். படுக்கை விரிப்பு நீ எழும்பிய மாதிரியே சுருண்டு கிடந்தது. தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது. எடுத்து உதறி மடிக்கத் தொடங்கினேன். பெரிய விரிப்பு, மற்ற முனையைப் பிடிக்க ஆளில்லை. ஒரு முனையை நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருபடியாகச் சதுரமாக மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.

கதவைச் சாத்தப் போனவன் நின்றேன். திரும்பி வந்து அதை எடுத்துப் பிரித்தேன். உன் கட்டிலில் நாலு மூலையும் இழுத்து விரித்து, தலையணையையும் தட்டி வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன்.